மேட்டுக்கு ஆட்சேபணை இல்லை

தொல்பொருள் துறையின் நடைமுறை விதிகளில் மேடு என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சுற்றியுள்ள தரையைவிட உயர்ந்து, அப்படி உயர்ந்ததற்குக் காரணம் தெரியாமல் கிடக்கும் தரையே மேடு. காரணம் தெரிந்துவிட்டால் அது மேடு அல்ல. அதைக் கவனிக்க வேறு துறை இருக்கிறது.

நகரத்தின் கிழக்குக் கோடியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், அப்படி ஒரு மேடு இருந்தது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் ஓட்டுநர்கள் அதையே அடையாளமாக வைத்திருந்தார்கள். துறையின் கண்ணில் மட்டும் அது வெகுகாலம் படவில்லை. அலுவலகத்தின் ஜன்னல்கள் மேற்கே பார்த்தவை.

ஒரு மழைக்காலத்தில் அந்த மேட்டின் மேல்மண் கரைந்து ஓடியது. மறுநாள் காலை பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆய்வாளர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அங்கே பானை ஓடுகள் கிடந்தன. சக்கரம் வராத காலத்தில் கையாலேயே பிடித்துச் செய்த பானைகள். ஒன்றின் விளிம்பில் வரிசையாக நகத்தால் அழுத்திய தடம். எவளோ ஒருத்தி, ஈரம் காயும் முன்னால், அழகுக்காகச் செய்தது.

ஆய்வாளர் வெறுங்கையோடு அலுவலகம் வந்தார். எது எங்கே கிடக்கிறது என்று குறிக்கும்வரை ஒரு துண்டைக்கூட நகர்த்தக் கூடாது என்பது அவருடைய தொழிலில் முதல் பாடம்.

துணை இயக்குநர் எதையும் மறுக்காதவர். எதற்கும் சம்மதித்தும் பழக்கமில்லாதவர்.

"எங்கே, காட்டுங்க," என்றார்.

"அங்கேயே இருக்கு சார்."

"அப்போ நான் எப்படி நம்பறது?"

"வந்து பாருங்க சார்."

துணை இயக்குநர் தன்னுடைய காலணியைப் பார்த்தார். "சேறா இருக்கும். நம்பறேன். தோண்டணும்னு சொல்றீங்களா?"

"தோண்டினா நல்லது."

"தோண்டறதுன்னா நாலு ஆபீஸ் ஒத்துக்கணும். அதுல ரெண்டு ஆபீஸ் ஒண்ணோட ஒண்ணு பேசறதில்ல. குனிஞ்சு பாக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். நீங்க குனிங்க."

இவ்வாறாக, மேற்படி மேட்டில் மேற்பரப்பு ஆய்வு முறைப்படி தொடங்கியது.

ஆய்வாளர் மேட்டைக் கயிற்றால் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் தலையைத் தொங்கப்போட்டு மெதுவாக நடந்தார். எங்கே ஓடு, எங்கே கற்சில்லு, எங்கே அரைத்துத் தேய்ந்த கல் என்று குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே விட்டார். பணிமனை ஓட்டுநர்கள் அவருக்குக் குனிஞ்சம்மா என்று பெயர் வைத்தார்கள்.

அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் மனைவியின் கழுத்தில் தைலம் தேய்ப்பது அவர் பொறுப்பாயிற்று.

"மத்தவங்க வீட்டுல பொண்டாட்டி நிமிர்ந்து நின்னு சண்டை போடறாங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல," என்றார் கணவர்.

"இருங்க, ஒண்ணு காட்டறேன்." ஆய்வாளர் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கரண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து, சுற்றிலும் உப்பைத் தூவினார். பிறகு கரண்டிகளை எடுத்தார். உப்புக்கு நடுவில் இரண்டு நீள வெற்றிடங்கள் தெரிந்தன. "இது அவனோட கால்."

"எவனோட?"

"இரும்பே தெரியாத காலத்து ஆள். காலை நீட்டி உக்காந்து கல்லைத் தட்டி கத்தி செஞ்சிருக்கான். தெறிச்ச சில்லெல்லாம் சுத்தி விழுந்திருக்கு. கால் இருந்த இடத்துல மட்டும் விழல. எழுந்து போயிட்டான். அப்படியே மண் மூடிடுச்சு. இந்த மழைக்குத்தான் வெளிய வந்திருக்கு."

கணவர் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா சொன்னேன்."

"ஆம்பளைதான். கூட்டிப் பெருக்காம எழுந்து போயிருக்கானே."

ஆய்வாளர் சிரித்தார். ஆனால் அன்று படுக்கும்வரை அந்த உப்பைத் துடைக்கவில்லை.

கணவருக்கு ஒரு தங்கை. நகரத்தின் பெரிய துணிக்கடையில் முகப்புப் பொம்மைகளுக்கு உடை மாற்றுவது அவள் வேலை. அவள் எதை அணிவித்தாலும் அடுத்த வாரம் பாதி நகரம் அதை அணிந்திருக்கும். ஒரு நாள் மேட்டில் இருந்த அண்ணிக்குக் குடை கொண்டுவந்தவள், விளிம்பில் நகத்தடம் இருந்த அந்த ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இது அழகா இருக்கே."

"எடுக்காதே. இருந்த இடத்திலேயே வெச்சுடு."

"வெச்சுட்டேன் அண்ணி," என்றாள். வைத்தது அவள் கைப்பையில்.

அந்த வார இறுதியில், துணிக்கடை முகப்பில் தந்த நிறத்து ஆடை உடுத்தி நின்ற பொம்மையின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில் அந்த ஓடு தொங்கியது. கீழே ஒரு சிறிய அட்டை: ‘நாகரிகத்துக்கு முந்தைய நாகரிகம்.’

அதற்குப் பிறகு யாராலும் எதையும் தடுக்க முடியவில்லை. தங்கம் அணிந்தவர்கள் தாங்கள் நேற்றுத்தான் பணக்காரர்களானவர்கள் என்று காட்டிக்கொள்வதாக ஆயிற்று. ஓடு அணிந்தவர்கள் ஆதியிலிருந்தே இருப்பவர்கள் ஆனார்கள். விரிசல் விடாமல் ஓட்டில் துளை போடத் தெரிந்தவர் நகரத்தில் பல் மருத்துவர் ஒருவர்தான். அவருடைய கூடத்தில் ஓட்டுக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் வீட்டு ஓடு எங்க வீட்டு ஓட்டைவிட வயசுல சின்னதாத் தெரியுதே," என்று சம்பந்தம் கலைந்தது. சிலர் கத்தியை வீசிவிட்டுக் கற்சில்லால் காய் நறுக்கினார்கள். அவர்களுக்குத் தையல் போட்ட மருத்துவமனையில் மட்டும் இரும்பு ஊசியே பயன்பட்டது. அதற்கு அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள்.

ஆய்வாளர் துணை இயக்குநரிடம் ஓடினார்.

"சார், மேட்டுல ஜனங்க ஓடு பொறுக்கறாங்க. ஒரு காவல்காரர் போடணும்."

"தாராளமா. தொன்மையான இடத்துக்குக் காவல் போடலாம்னு விதியே இருக்கு."

"அப்போ போடுங்க சார்."

"அது தொன்மையான இடம்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"வாயால சொல்றீங்க. உங்க ஆய்வறிக்கை சொல்லணும்."

"ஆய்வு முடிஞ்சாத்தானே சார் அறிக்கை? முடியறதுக்குள்ள எல்லாம் போயிடும்."

"போனது மேற்பரப்புல இல்ல. மேற்பரப்புல இல்லாதது உங்க ஆய்வுல வராது. நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

பேசும்போது துணை இயக்குநர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அது பொத்தான் அல்ல, ஓடு என்பதை ஆய்வாளர் அப்போதுதான் கவனித்தார்.

ஆனாலும் அரசு கைகட்டி இருக்கவில்லை. மேட்டுக்கு ஓர் அறிவிப்புப் பலகை வழங்கப்பட்டது. பலகையை நட வேண்டுமானால் குழி தோண்ட வேண்டும். தோண்டுவதற்கோ அனுமதி இல்லை. எனவே பலகையைக் கையில் பிடித்து நிற்க ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரைக் காவலராகக் கருதக் கூடாது, பலகையின் கால்களாக மட்டுமே கருத வேண்டும் என்று உத்தரவில் தெளிவாக இருந்தது. பலகையில், ‘இங்கே மிகப் பழைய ஓடுகள் கிடக்கின்றன. எடுக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தது. அதுவரை மேடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலைந்தவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

"எடுக்காதீங்கன்னு சொல்லக் கூடாதா?" என்று ஆய்வாளர் பலகைக்காரரிடம் கேட்டார்.

"கால் பேசுமா மேடம்?" என்றார் அவர். "பேசினா விளக்கம் கேப்பாங்க."

ஓடுகளைவிடக் கற்சில்லு மூத்தது என்று எவரோ எங்கேயோ சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆய்வாளர் வந்தபோது, அந்த மனிதன் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சில்லும் இல்லை. சுற்றிலும் இருந்ததெல்லாம் போனபின் நடுவில் இருந்த வெற்றிடமும் போய்விட்டது. வெறும் மண்தான் கிடந்தது. ஆய்வாளர் அங்கேயே உட்கார்ந்தார். அன்று அவர் எந்தக் கட்டத்திலும் நடக்கவில்லை.

இந்தச் சமயத்தில் அரசு தொன்மை வாரம் கொண்டாடத் தீர்மானித்தது. மக்களிடம் பழமைப் பற்று பெருகிவிட்டதை மேலிடம் கவனித்திருந்தது. மேட்டின் மேல் பந்தல் வந்தது, நாற்காலிகள் வந்தன. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழும், நினைவுப் பொருளாக மேட்டிலிருந்து ஓர் ஓடும் துறையே வழங்கும் என்று அறிவிப்பும் வந்தது. வழங்குவதற்கு ஓடு இல்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது.

துணை இயக்குநர் சந்தையிலிருந்து ஒரு வண்டி பூந்தொட்டிகளை வரவழைத்தார்.

"ஒடைங்க. ஆனா செயற்கையா ஒடைக்காதீங்க. இயற்கையா ஒடையணும்," என்று ஊழியர்களுக்கு உத்தரவிட்டார்.

"எப்படி சார் இயற்கையா?"

"கை தவறின மாதிரி போடுங்க."

துறை ஊழியர்கள் பகல் முழுக்கக் கை தவறிக்கொண்டிருந்தார்கள். உடைந்ததை மேடெங்கும் தூவினார்கள். ஆய்வாளர் குறுக்கே வந்து நின்றார்.

"சார், இதைக் கலந்துட்டீங்கன்னா ஆய்வே கெட்டுப்போயிடும்."

"புதுசையும் பழசையும் உங்களால பிரிச்சுப் பாக்க முடியாதா?"

"முடியும்."

"வேற யாராலயும்?"

"இந்த ஊர்ல கஷ்டம்."

"அப்போ கஷ்டம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அரசாங்கம் பெரும்பான்மையைப் பாக்கணும்மா."

தொன்மை வாரம் மிகச் சிறப்பாக நடந்தது. மேடு கொஞ்சம் தேய்ந்தது.

அது முடிந்த கையோடு நெடுஞ்சாலைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. நகரத்துக்கு வெளியே புறவழிச் சாலை போடுகிறார்கள்; தாழ்வான நிலத்தில் போவதால் கரை எழுப்ப மண் வேண்டும்; பணிமனைக்குப் பின்னால் மண் சும்மா கிடக்கிறது; தொல்பொருள் துறைக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். விதிப்படி, பதில் சொல்லும் முன் ஒரு சரிபார்ப்பு ஆய்வு நடத்த வேண்டும். துணை இயக்குநர் தலைமையில் குழு வந்தது. காலணிக்கு மேல் உறை போட்டுக்கொண்டு எல்லாரும் மேட்டை ஒரு சுற்று வந்தார்கள். பூந்தொட்டிச் சில்லுகள், காகிதக் கோப்பைகள், பந்தலின் கயிறு, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்தன.

‘இம்மேட்டில் மனிதக் குடியேற்றம் தொடங்கிய காலம் கடந்த தொன்மை வாரம் என்று அறுதியிடப்படுகிறது. அதற்கு முந்தைய தடயம் எதுவும் மேற்பரப்பில் இல்லை’ என்று குழு எழுதியது.

ஆய்வாளர் தன்னுடைய வரைபடங்களையும் படங்களையும் மேஜை மேல் பரப்பினார். "சார், இத்தனையும் அங்கே இருந்தது. ஒவ்வொண்ணும் எங்கே இருந்துச்சுன்னு இதுல இருக்கு."

துணை இயக்குநர் பொறுமையாகப் பார்த்தார். "ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கீங்க. ஆனா நீங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்க, தரையில இல்ல. ஒண்ணு நீங்க தப்பு, இல்லேன்னா தரை தப்பு. தரை மேல நாம நடவடிக்கை எடுக்க முடியாதும்மா."

"ஜனங்க எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தா?"

துணை இயக்குநர் யோசித்தார். அவர் யோசிப்பதை அலுவலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. "முக்கால்வாசி திரும்பி வரட்டும். மறுபரிசீலனை பண்றேன்," என்றார்.

ஆய்வாளர் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடையைச் சாத்திவிட்டுக் கணவரும் கூடவே வந்தார். மேட்டை அழிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் கொதிக்காதவர்கள் இல்லை.

"அக்கிரமம். நம்ம வேரையே பிடுங்கறாங்க. விடக் கூடாது," என்றார் பல் மருத்துவர்.

"உங்ககிட்ட இருக்கற ஓட்டைக் கொடுத்தீங்கன்னா தடுத்துடலாம்," என்றார் ஆய்வாளர்.

"கண்டிப்பா. மத்தவங்க கொடுக்க ஆரம்பிக்கட்டும்."

மற்றவர்களும் மற்றவர்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஒரு வீட்டில், மகளின் கல்யாணம் அந்த ஓட்டை நம்பித்தான் நிச்சயமாகியிருக்கிறது என்று தாயார் கண்கலங்கினார். அங்கே ஆய்வாளரால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை. ஒருவர் மட்டும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். அது பூந்தொட்டி.

கடைசியாக நாத்தனார். பொம்மையின் கழுத்தில் தொங்கிய ஓடு இப்போது அவள் கழுத்தில் இருந்தது.

"என்னோடதை மட்டும் கொடுத்தா மேடு நிக்குமா அண்ணி?"

"நீ கொடுத்தா நாலு பேர் கொடுப்பாங்க. நீ போட்டதனாலதானே எல்லாரும் போட்டாங்க?"

அவள் கயிற்றைத் தடவினாள். முகம் கொஞ்சம் மாறியது. "இது கழுத்துல இருக்கறப்போதான் அண்ணி என்னை ஒரு ஆளா மதிச்சுப் பேசறாங்க. பொம்மைக்குத் துணி மாத்தறவள்னு யாரும் சொல்றதில்ல."

கணவர் தங்கையைத் திட்ட வாயெடுத்தார். ஆய்வாளர் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

துறை, ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தது. மண்வாரி இயந்திரங்கள் வந்தன. ஆய்வாளர் ஓரமாக நின்று பார்த்தார். வாளி ஆழமாக இறங்கியபோது கருகிய அடுப்பு, மிதித்து இறுகிய வீட்டுத் தரை, முழுப்பானைகள் என்று ஒவ்வொன்றாக மேலே வந்து லாரியில் கொட்டின. அவர் கைப்பேசியில் துணை இயக்குநரை அழைத்தார்.

"சார், உள்ளே வீடுகளே இருக்கு சார்."

"உள்ளேன்னா மேற்பரப்பு இல்லையே," என்றார் துணை இயக்குநர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மேற்பரப்பா இருந்தா விட்டிருப்பேனா?"

மேடு இருந்த இடம் சமமாயிற்று. புறவழிச் சாலை கோலாகலமாகத் திறக்கப்பட்டது. அதன்பின் பணிமனையில் வண்டியைப் பின்னால் எடுத்த ஓட்டுநர்கள் இரண்டு முறை சுவரில் இடித்தார்கள். வேறு யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அடுத்த மழை வந்தது. சாலையின் இரு பக்கக் கரையும் அரித்தது. அரித்த இடமெல்லாம் ஓடுகள், கற்சில்லுகள், தேய்ந்த அரைகற்கள் எட்டிப் பார்த்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, சாலை போகும் வழியெல்லாம். இம்முறை செய்தி மேலிடத்துக்கே நேராகப் போய்விட்டது. அமைச்சகம் உடனே விளக்கம் கேட்டது. துணை இயக்குநர் ஆய்வாளரை அவசரமாகக் கூப்பிட்டார்.

"சாலையோரமா ஒரு மேற்பரப்பு ஆய்வு பண்ணணும்."

"பண்றதுக்கு என்ன சார் இருக்கு? அது மேட்டு மண்ணு. லாரியில கொண்டுவந்து கொட்டினது."

"மேட்டுல எதுவும் இல்லேன்னு நாம எழுதிக் கொடுத்து அரசாங்கம் ஏத்துக்கிட்டாச்சு. இல்லாத இடத்துலேர்ந்து ஓடு எப்படி வரும்? ஆகவே அது அங்கேயிருந்து வரல. ஆகவே இங்கேயேதான் இருந்திருக்கு."

"சார், அப்படின்னா அந்தக் காலத்து ஊர் சாலை அகலத்துக்கு, சாலை மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு இருந்திருக்கணும்."

துணை இயக்குநரின் கண்கள் விரிந்தன. "அதைத்தான் எழுதுங்க," என்றார்.

ஆய்வாளர் எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார். "எழுதினா காவல் உண்டா சார்?"

"தொன்மையான இடம்னு அறிக்கை சொல்லிட்டா, விதிப்படி உடனே உண்டு."

"தோண்டவோ மூடவோ கூடாதே?"

"ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் தொடக் கூடாது."

அன்று ஆய்வாளர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் காரணம் கேட்டதற்குத் தூக்கம் வருகிறது என்றார். மறுநாள் உட்கார்ந்து எழுதினார். உலகிலேயே மிக நீளமான, மிக ஒல்லியான பழங்கால ஊர் கண்டறியப்பட்டிருப்பதாகவும், அம்மக்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வாழ்ந்ததாகவும், திருப்பங்களில் மட்டும் கொஞ்சம் சாய்ந்து வாழ்ந்ததாகவும் அறிக்கை கூறியது. கையெழுத்துப் போடும்போது அவர் தயங்கவில்லை. அதுதான் தனக்கு வருத்தமாக இருந்தது என்று பிறகு கணவரிடம் சொன்னார்.

அறிக்கைக்குப் பெரும் வரவேற்பு. பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். துணை இயக்குநர் இயக்குநரானார். சாலை பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம் ஆயிற்று. அதன் கரைகளைக் காக்கச் சீருடையோடு காவலர்கள் வந்தார்கள். வரிசையில் வாழ்வதே ஆதி வாழ்க்கை என்று, புது வீடு கட்டியவர்கள் அறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டார்கள். சமையலறைக்குப் போக எல்லாருடைய படுக்கையறையையும் கடக்க வேண்டியிருந்தது.

சாலையில் குழி விழுந்தது. மூடக் கூடாது. குழி பெரிதாயிற்று. அப்போதும் மூடக் கூடாது.

ஒரு காலையில் ஆய்வாளரும் கணவரும் போன பேருந்து அப்படி ஒரு குழியில் முன்சக்கரத்தை இறக்கி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளுங்கள் என்றார் நடத்துநர். காவலர் ஓடி வந்து கதவை மறித்தார்.

"இறங்கக் கூடாது. கால் பட்டா கீழே இருக்கற ஓடு ஒடைஞ்சிடும். உத்தரவு."

"பின்னே எப்படிய்யா போறது?" என்றார் முன்னிருக்கையில் இருந்தவர்.

"அதுக்கு உத்தரவு வரல."

எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இதை எழுதிக் கொடுத்த ஆள் யார், கிடைத்தால் என்ன செய்வோம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கணவர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"உண்மையையே எழுதியிருக்கலாமே நீ?"

"முதல் தடவை எழுதினேனே," என்றார் ஆய்வாளர், ஜன்னல் வழியாகக் கரையில் துருத்திக்கொண்டிருந்த ஓடுகளைப் பார்த்தபடி. "அதுக்கு யாரும் காவல் போடல."

பேருந்துக்குப் பின்னால், புதிய இயக்குநரின் கார் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது.